கும்பிடு வேறு, கையெழுத்து வேறு

பெரிய மனுஷன் வீட்டுக்குப் போனால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கிக்குப் பாடம் எடுக்காத ஆள் எங்கள் காலை நடைக் கூட்டத்தில் ஒருவர்கூட இல்லை. 2025 பிப்ரவரி 28 அன்று வெள்ளை மாளிகையில் நடந்த அந்தச் சண்டையின் வீடியோ எனக்கு மட்டும் ஏழெட்டுப் பேரிடமிருந்து வந்தது. பழைய விஷயம்தானே என்று விட்டிருப்பேன். ஆனால் ட்ரம்ப் யாரையாவது வரச்சொல்லி உட்கார வைக்கும் ஒவ்வொரு தடவையும் அதே வீடியோ, அதே உபதேசத்தோடு திரும்ப வருகிறது. "ஏனுங்க, கை நீட்டி வாங்கறவனுக்கு வாய் எதுக்குங்க?" என்றார் நடைக் கூட்டத்து நண்பர் ஒருவர். அவர் நல்ல மனிதர். ஆனால் இந்த ஒரு கருத்தை மட்டும் என்னால் சும்மா விட முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அன்றைக்கு என்ன நடந்தது என்பதைப் பார்ப்போம். எல்லோரும் பார்த்தது கடைசிப் பத்து நிமிடத்தைத்தான். அதற்கு முன்னால் அரை மணி நேரத்துக்கு மேல் பேச்சு ஒழுங்காகவே போயிற்று. ஜெலன்ஸ்கி வாய் திறந்ததும் சொன்ன முதல் வார்த்தையே நன்றிதான். பிறகு துணை அதிபர் வான்ஸ் ராஜதந்திரம்தான் வழி என்று பேச, இவர் ஒரு கேள்வி கேட்டார். 2014-ல் எங்கள் நிலத்தைப் பிடித்தார்கள், 2019-ல் புடினோடு சண்டை நிறுத்தம் பேசிக் கையெழுத்தும் போட்டோம், அவர் அதை மதிக்கவில்லை, நீங்கள் சொல்லும் ராஜதந்திரம் எந்த வகை என்று. அவ்வளவுதான். இந்தக் கூட்டத்தில் ஒரு தடவையாவது நன்றி சொன்னாயா என்று வான்ஸ் பாய்ந்தார். உன் கையில் சீட்டே இல்லை என்று ட்ரம்ப் கத்தினார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த உக்ரைன் தூதர் அம்மையார் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். மத்தியானச் சாப்பாடு தயாராக இருந்தது. சாப்பிடாமலே அனுப்பிவிட்டார்கள்.

விருந்துக்குக் கூப்பிட்டவனைச் சாப்பிடாமல் அனுப்புவதை நம் பக்கத்தில் என்னவென்று சொல்வோம்? அதைப் பற்றி யாரும் பேசவில்லை. வந்தவன் சட்டையைப் பற்றித்தான் பேச்சு. ஒரு நிருபர், நீங்கள் ஏன் கோட்டு சூட்டு போடவில்லை என்று போர் நடக்கும் நாட்டின் தலைவரைக் கேட்டார். அதையும் ரசித்தவர்கள் உண்டு.

ஜெலன்ஸ்கி செய்தது எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்கு ஆங்கிலம் அவ்வளவு சரளமில்லை. ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்திருக்கலாம். மொழிபெயர்ப்பாளர் இருந்தால் ஒவ்வொரு கேள்விக்கும் அரை நிமிடம் கிடைக்கும். கோபம் இறங்க அந்த அரை நிமிடம் போதும். அதோடு, கேமரா முன்னால் பேரம் பேசவே கூடாது. எனக்கே தோன்றும் இது அவருடைய ஆட்களுக்குத் தோன்றாமல் போனது ஆச்சரியம்தான். ஆனால் நம் ஆட்கள் சொன்ன குறை இது இல்லையே. அவர் எதிர்த்துக் கேட்டதே தப்பு என்பதுதான் அவர்கள் குறை.

இப்போது வீடியோவில் வராத பகுதிக்கு வருகிறேன். அந்தச் சண்டைக்குப் பதினைந்து நாள் முன்பு, பிப்ரவரி 12 அன்று, அமெரிக்க நிதியமைச்சர் பெசன்ட் கீவ் நகரத்துக்கு ஒரு காகிதத்தோடு போனார். உக்ரைனின் கனிம வளத்தைப் பற்றிய ஒப்பந்தம். அதுவரை கொடுத்த உதவிக்கு ஈடாக 50,000 கோடி டாலர் என்று ஒரு கணக்கு அமெரிக்கப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த நேரம். தானமாகக் கொடுத்ததைக் கடனாக எழுதி வாங்குகிற கதை. நம்ம ஊர் கந்துவட்டிக்காரர்கூட இப்படிக் கேட்கக் கூச்சப்படுவார். ஜெலன்ஸ்கி கையெழுத்துப் போடவில்லை. மரியாதையாக உட்கார வைத்துப் பேசி, பேப்பரைத் திருப்பி அனுப்பிவிட்டார். நாட்டை விற்க என்னால் முடியாது என்று பிறகு வெளியிலும் சொன்னார்.

பேரம் நடந்து நடந்து அந்த 50,000 கோடி கணக்கு பிப்ரவரி கடைசிக்குள் காணாமல் போயிற்று. பிறகு சண்டை. மார்ச் முதல் வாரத்தில் ஆயுத உதவியை நிறுத்தினார்கள், உளவுத் தகவலையும் நிறுத்தினார்கள். போர் நடக்கும் நாட்டுக்கு அது கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி. உடனே ஜெலன்ஸ்கி என்ன செய்தார்? நடந்தது வருத்தத்துக்குரியது, ட்ரம்ப்பின் தலைமையில் சமாதானத்துக்கு உழைக்கத் தயார் என்று எழுதினார். அதாவது இறங்கி வந்தார். மார்ச் 11 அன்று உதவி திரும்ப ஆரம்பித்தது. நடுவில் முன்னதைவிடக் கடுமையான ஒரு வரைவு வந்தது. அதற்கும் அவர் தலையாட்டவில்லை. கடைசியில் ஏப்ரல் 30 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தில் பழைய உதவி கடனாகக் கணக்கிடப்படவில்லை. அவர் கேட்ட பாதுகாப்பு உத்தரவாதம் அதில் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பிப்ரவரிக் காகிதத்துக்கும் ஏப்ரல் காகிதத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அவர் வாங்கிய திட்டுக்குக் கிடைத்த கூலி என்று அதை நான் சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போடாமல் இருந்ததற்குக் கிடைத்த கூலி.

அதே ஆண்டு ஆகஸ்ட் 18 அன்று அதே அறைக்கு அதே மனிதர் திரும்பப் போனார். இந்த முறை கறுப்பு ஜாக்கெட். அந்த நிருபரே எழுந்து நன்றாக இருக்கிறது என்றார். நீங்கள்தான் அதே சூட்டில் வந்திருக்கிறீர்கள், நான் மாற்றிவிட்டேன் என்று இவரும் சிரித்தார். வார்த்தைக்கு வார்த்தை நன்றி. தன் மனைவி ட்ரம்ப்பின் மனைவிக்கு எழுதிய கடிதத்தைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்தார். அன்றைக்கு அவர் தனியாகவும் போகவில்லை. பிரெஞ்சு அதிபர் மேக்ரோன், ஜெர்மனியின் மெர்ஸ், பிரிட்டனின் ஸ்டார்மர், இத்தாலியின் மெலோனி, பின்லாந்தின் ஸ்டப் என்று ஒரு கல்யாணக் கூட்டமே வாஷிங்டனில் வந்து இறங்கியது. பங்காளிகளைக் கூட்டிக்கொண்டு பெரியவரைப் பார்க்கப் போவது நமக்குத் தெரியாத வித்தையா என்ன?

இதைத்தான் நான் சொல்ல வருகிறேன். உடம்பு வளைவது ஒன்று, பேனா வளைவது வேறொன்று. முதலாவதைப் பார்த்துச் சிரிக்கிறவர்களும் கைதட்டுகிறவர்களும் இரண்டாவதைப் பார்ப்பதே இல்லை.

இதற்கு எதிர்க்கட்சி ஒன்று இருக்கிறது. புகழ்ந்துவிட்டுப் போனால் காரியம் முடிந்தது, எதற்கு வம்பு என்கிற கட்சி. அதற்கு ஆதாரமும் காட்டுவார்கள், மறைக்கத் தேவையில்லை. ஸ்விட்சர்லாந்து அதிபராக இருந்த காரின் கெல்லர்-சுட்டர் என்ற அம்மையார் 2025 ஜூலை 31 அன்று ட்ரம்ப்போடு போனில் பேசினார். வர்த்தகக் கணக்கை நியாயமாக எடுத்துச் சொன்னார். விளைவு, 39 சதவீத வரி. அந்த அம்மா நல்லவர்தான், ஆனால் கேட்டுக்கொள்ளவே இல்லை என்று ட்ரம்ப் பிறகு டிவியில் சொன்னார். நேரில் பார்க்கலாம் என்று வாஷிங்டனுக்கு ஓடினார். ட்ரம்ப் பார்க்கவில்லை. நவம்பரில் அந்த நாட்டுப் பணக்கார வியாபாரிகள் சிலர் போனார்கள். ஒரு ரோலக்ஸ் மேசைக் கடிகாரமும் பெயர் பொறித்த தங்கக் கட்டியும் கொண்டுபோனார்கள். பத்து நாளில் வரி 15 சதவீதத்துக்கு இறங்க ஒப்பந்தம். நாட்டின் தலைவருக்குத் திறக்காத கதவு கடிகாரக் கடைக்காரருக்குத் திறந்தது. நம்ம ஊரில் இதற்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை எழுதினால் இந்தப் பதிவை வைத்து என்மேல் யாராவது வழக்குப் போடுவார்கள்.

சரி, தங்கம் கொடுத்தால் காரியம் ஆகிறது. அது எத்தனை நாளைக்கு? கத்தாரைப் பாருங்கள். அந்த வட்டாரத்திலேயே பெரிய அமெரிக்க ராணுவத் தளம் அங்கேதான் இருக்கிறது. 2025 மே மாதம் சுமார் 40 கோடி டாலர் மதிப்புள்ள 747 விமானத்தையே ட்ரம்ப்புக்குக் கொடுக்க முன்வந்தார்கள், அமெரிக்கா வாங்கியும் கொண்டது. நான்கு மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவின் இன்னொரு நெருங்கிய நண்பனான இஸ்ரேல், கத்தாரின் தலைநகரில் குண்டு போட்டது. பிறகு நெதன்யாகுவை வெள்ளை மாளிகையில் உட்கார வைத்து போனில் மன்னிப்புக் கேட்க வைத்தார்கள், கத்தாரைக் காப்பதாக ஒரு உத்தரவும் எழுதிக் கொடுத்தார்கள். அந்த உத்தரவு அதிபர் தனியாகப் போட்ட கையெழுத்து. அடுத்து வருகிறவர் ஒரு கோடு கிழித்தால் போயிற்று.

தங்கமும் விமானமும் இல்லாதவன் என்ன செய்வான் என்று யாராவது யோசித்தோமா? தென்னாப்பிரிக்காவுக்கு நடுவில் லெசோத்தோ என்று ஒரு குட்டி நாடு. சுமார் 23 லட்சம் ஜனம். அமெரிக்காவுக்கு ஜீன்ஸ் தைத்து அனுப்பிப் பிழைக்கிறார்கள். 2025 மார்ச்சில், யாரும் கேள்விப்படாத நாடு என்று ட்ரம்ப் அமெரிக்க நாடாளுமன்றத்தில் கிண்டல் செய்தார், அவை சிரித்தது. ஏப்ரலில் உலகத்திலேயே அதிகமாக 50 சதவீத வரி என்று அறிவித்தார்கள். ஆகஸ்டில் அது 15 சதவீதமாக வந்தது. ஆனால் அதற்குள் ஆர்டர் நின்று, ஆட்களை வேலையை விட்டு அனுப்பி, நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கும் அளவுக்குப் போய்விட்டது. ஆர்டர் நின்றால் தையல்காரர் வீட்டில் என்ன ஆகும் என்று திருப்பூர் பக்கம் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். அந்த ஆகஸ்டில் நமக்கும் 50 சதவீதம் விழுந்ததே. லெசோத்தோ பிரதமரை யாரும் அந்த மஞ்சள் நாற்காலிக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டு அவமானப்படுத்தக்கூட ஒரு தகுதி வேண்டியிருக்கிறது.

தென்னாப்பிரிக்க அதிபர் ராமபோசாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மே 21 அன்று அவரை உட்கார வைத்து, விளக்கைக் குறைக்கச் சொல்லி, உங்கள் நாட்டில் வெள்ளைக்காரர்களைக் கொல்கிறார்கள் என்று வீடியோ போட்டுக் காட்டினார்கள். காட்டிய படங்களில் ஒன்று தென்னாப்பிரிக்காவே இல்லை, காங்கோவில் எடுத்தது. அந்த மனிதர் சத்தம் போடவில்லை. இந்த இடம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன் என்றார். உங்களுக்குக் கொடுக்க என்னிடம் விமானம் இல்லை, மன்னிக்கவும் என்று கத்தார் விஷயத்தை வைத்து ஒரு குத்தும் குத்தினார். ட்ரம்ப்புக்குப் பிடித்த கோல்ஃப் விளையாட்டு வீரர்கள் இரண்டு பேரைக் கூட்டிப்போயிருந்தார். எனக்கு அதைவிடப் பிடித்தது, தன் அரசியல் எதிரிக் கட்சியின் தலைவர் ஸ்டீன்ஹூசனையும் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். கூட்டணி மந்திரிசபை என்பதால் அவர் வேளாண் அமைச்சர். வெள்ளைக்காரர். அவரைப் பேச விட்டார். ஆகஸ்டில் 30 சதவீத வரி விழத்தான் செய்தது. ஆனால் ட்ரம்ப் குறை சொன்ன நிலச் சட்டத்தை அவர் வாபஸ் வாங்கவில்லை. வரியைச் சுமந்தார், சட்டத்தை விற்கவில்லை.

நான் வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு வருஷம் குப்பை கொட்டியவன். முன்கோபக்கார மேலதிகாரி என்றால் என்ன என்று எனக்கு யாரும் புத்தகம் பார்த்துச் சொல்லத் தேவையில்லை. ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். காலையில் தட்டிக்கொடுப்பார், மத்தியானம் ஃபைலை முகத்தில் எறிவார். எங்கள் சிரஸ்தார் அவரிடம் "சரிங்கய்யா" என்பதைத் தவிர வேறு சொல்லி நான் கேட்டதில்லை. எங்களுக்கெல்லாம் அவர்மேல் இளக்காரம்தான். ஒரு நாள் ஒரு புறம்போக்கு நிலத்தை வேண்டியவர் ஒருவருக்குச் சாதகமாக எழுதி வரச்சொல்லி உத்தரவு. வாய்மொழி உத்தரவு. "சரிங்கய்யா" என்று வந்த சிரஸ்தார், குறிப்பில் விதி என்னவோ அதை எழுதினார். கீழே, "அய்யா அவர்கள் நேரில் தெரிவித்தபடி ஆணையிட விரும்பினால் கையொப்பமிட வேண்டப்படுகிறது" என்று ஒரு வரி சேர்த்து உள்ளே அனுப்பினார். அந்த ஃபைல் மூன்று மாதம் உள்ளேயே கிடந்து, கையெழுத்து இல்லாமல் திரும்பி வந்தது. அதன் பிறகு அவருக்கு நான் வைத்த வணக்கம் கொஞ்சம் உயரமாகவே இருந்தது.

அந்த சிரஸ்தாரின் ஜாதியைச் சேர்ந்தவர் என்று நான் நினைக்கும் ஒரு தலைவர் கனடாவில் இருந்தார். லெஸ்டர் பியர்சன். சமாதானத்துக்கு நோபல் பரிசு வாங்கியவர். 1965 ஏப்ரல் 2 அன்று அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பேசும்போது, வடக்கு வியட்நாமில் குண்டு போடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமே என்று பதமாகச் சொன்னார். அப்போது அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற கோபம். மறுநாள் கேம்ப் டேவிட் மாளிகைக்குக் கூப்பிட்டு, என் வீட்டுக்குள் வந்து என் கம்பளத்தை அசிங்கப்படுத்துகிறாயா என்கிற பாணியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திட்டினார். கோட்டைப் பிடித்து உலுக்கினார் என்றும் சொல்வார்கள். பியர்சன் திருப்பிக் கத்தவில்லை. ஊருக்குத் திரும்பி மரியாதையாகக் கடிதமும் எழுதினார். ஆனால் வியட்நாமில் சண்டை போடக் கனடா ராணுவத்தை அனுப்பவில்லை. அந்த ஜனவரியில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்த கார் வர்த்தக ஒப்பந்தமும் அப்படியே இருந்தது. இன்றைக்கு ட்ரம்ப் கனடாவோடு சண்டை பிடிக்கிற அந்தக் கார் தொழில், இரு நாட்டுக்கும் பொதுவாக வளர்ந்தது அந்த ஒப்பந்தத்தால்தான்.

அதற்கு அடுத்த வருஷம் ஆஸ்திரேலியப் பிரதமர் ஹெரால்டு ஹோல்ட் அதே ஜான்சனைப் பார்க்கப் போனார். கடைசிவரை உங்களோடு வருவோம் என்று ஜான்சனின் தேர்தல் கோஷத்தையே எடுத்து வெள்ளை மாளிகை வாசலில் முழங்கினார். ஜான்சனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த அக்டோபரில் ஆஸ்திரேலியாவுக்கே போய் வந்தார். அதற்கு முன்னால் எந்த அமெரிக்க அதிபரும் பதவியில் இருக்கும்போது அங்கே போனதில்லை. ஹோல்டை யாரும் கோட்டைப் பிடித்து உலுக்கவில்லை. ஆஸ்திரேலியா வியட்நாமில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பறிகொடுத்தது. அதில் பலர் பிறந்த தேதியைக் குலுக்கிப் போட்டுக் கட்டாயமாக ராணுவத்துக்கு எடுத்த இருபது வயதுப் பையன்கள்.

அன்றைக்கு வாட்ஸ்அப் இருந்திருந்தால் நம் ஆட்கள் யாரைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள், யாருடைய சாமர்த்தியத்தைப் பாராட்டியிருப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பியர்சனை உலுக்கிய அதே ஏப்ரல் மாதத்தில்தான் ஜான்சன் நமக்கும் ஒன்று வைத்தார். ஜூன் மாதம் வருவதாக இருந்த நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியின் பயணத்தை, இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார். பாகிஸ்தானின் அயூப் கானுக்கும் அதே பதில். வியட்நாம் விஷயத்தில் சாஸ்திரியும் குறை சொல்லியிருந்தார். சாஸ்திரி என்ன செய்தார் தெரியுமா? ஜூனில் கனடா வரைக்கும் போனார். பக்கத்து வாசலான அமெரிக்காவை மிதிக்காமலே திரும்பி வந்தார். ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை.

இந்தியா சின்ன நாடா என்று கேட்பீர்கள். பரப்பில் பெரிய நாடுதான். அந்த நேரத்தில் வயிற்றுக்குச் சின்ன நாடு. உங்களில் பலருக்கு நினைவிருக்கும், ரேஷன் கடை வரிசையும் அமெரிக்கக் கோதுமையும் மைலோ சோளமும். பி.எல். 480 என்ற திட்டத்தில் கப்பல் கப்பலாக வந்தது. 1966-ல் மட்டும் சுமார் ஒரு கோடி டன் தானியம் இறக்குமதி. அது இல்லாமல் போயிருந்தால் நம்மில் சிலர் இந்தப் பதிவைப் படிக்க இருந்திருக்க மாட்டோம், அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் ஜான்சன் அந்தக் கப்பலை ஒரு கயிற்றில் கட்டி வைத்திருந்தார். பழைய ஒப்பந்தம் 1965-ல் முடிந்த பிறகு, மொத்தமாகக் கொடுக்காமல் ஒரு மாதத்துக்கு, இரண்டு மாதத்துக்கு என்று அளந்து விட்டார். வியட்நாமைப் பற்றி ஏதாவது பேசினால் அடுத்த கப்பல் தாமதமாகும். திங்கட்கிழமை இரவு சாப்பாட்டை விடுங்கள் என்று சாஸ்திரி கேட்டுக்கொண்டது அந்தக் காலம்தான்.

அப்போது உணவு அமைச்சர் நம்ம பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், செங்குட்டைப்பாளையம் சி. சுப்பிரமணியம். 1965 நவம்பரில் ரோம் நகரத்தில் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஃப்ரீமேனை உட்கார்ந்து பார்த்தார். கோதுமை வேண்டுமென்றால் விவசாயத்தில் இன்னின்ன மாற்றம் செய்ய வேண்டும் என்று நிபந்தனை. உரத்துக்குப் பணம் ஒதுக்கு, விவசாயிக்கு விலை கொடு, புது விதையைக் கொண்டு வா. சி.எஸ். ஒப்புக்கொண்டார். டிசம்பரில் வாஷிங்டன் போய் ஜான்சனையும் பார்த்தார். இடதுசாரிகள் அடிமைச் சாசனம் என்றார்கள். அவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. அந்தக் காகிதத்தில் இருந்த வேலைகள் பெரும்பாலும் சி.எஸ். தானாகவே செய்ய நினைத்து, மந்திரிசபையில் முட்டி மோதிக்கொண்டிருந்தவை. அன்னியச் செலாவணிக்கு எங்கே போவது என்று நிதியமைச்சர் டி.டி.கே.யே எதிர்த்தார். அவரும் தமிழர்தான். வெளியே இருந்து வந்த நெருக்கடியை வைத்து உள்ளே அடைத்திருந்த கதவைத் திறந்துகொண்டார் சி.எஸ். தனக்கு வேண்டாத எதிலும் அவர் கையெழுத்துப் போடவில்லை.

இதோடு 1966 ஜூன் 6-ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். அன்றைக்கு ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். டாலருக்கு 4.76 ரூபாயாக இருந்தது ஒரே நாளில் 7.50 ஆயிற்று. அதற்கு முன் மார்ச்சில் இந்திரா காந்தி வாஷிங்டன் போனபோது ஜான்சன் குளிர்ந்து போயிருந்தார். நம் தூதர் வீட்டில் திட்டமே இல்லாமல் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டார் என்று அப்போது பத்திரிகைகளில் பெருமையாக எழுதினார்கள். அந்தச் சிரிப்பை நம்பி, உலக வங்கியும் அமெரிக்காவும் சொன்னபடி ரூபாயைக் குறைத்தாயிற்று. காமராஜர் கொதித்தார். வருவதாகச் சொன்ன உதவி சொன்னபடி வந்து சேரவில்லை. ஜூலையில் வியட்நாமைப் பற்றி மாஸ்கோவில் ஒரு அறிக்கை விட்டதும் கோதுமைக் கயிறு பழையபடி இறுகியது. விருந்து அருமையாக நடந்தது, கையெழுத்துத்தான் கைவிட்டது.

சி.எஸ். அதே 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமையை வரவழைத்தார். லெர்மா ரோஜோ என்று பெயர். சாப்பிடவே கோதுமை இல்லாத நேரத்தில் விதைக்கு டாலரா என்று நாடாளுமன்றத்தில் பிடுங்கி எடுத்தார்கள். டெல்லியில் தன் வீட்டுப் புல்வெளியையே உழுது அந்தக் கோதுமையை விதைத்துக் காட்டினார். கொங்கு நாட்டு விவசாயி வீட்டுப் பிள்ளை, வேறென்ன செய்வார்.

1967 தேர்தல் வந்தது. ரூபாய்க்குப் படி அரிசி என்ற பேச்சு ஊரெல்லாம். அமெரிக்காவிடம் பிச்சை எடுத்த மந்திரி என்று மேடைக்கு மேடை ஏச்சு. கோபிச்செட்டிபாளையத்தில் நின்ற சி.எஸ்.ஸை நாம் தோற்கடித்தோம். அடுத்த வருஷம் கோதுமை விளைச்சல் 1.6 கோடி டன்னைத் தாண்டியது. அவர் பொறுப்பேற்ற வருஷத்தைவிட ஏறக்குறைய 40 லட்சம் டன் கூடுதல். அறுவடையின்போது அவர் மந்திரி இல்லை.

1971 நவம்பரில் இந்திரா காந்தி மறுபடி வாஷிங்டன் போனார். இந்த முறை நிக்சன். இரண்டாம் நாள் அவரை முக்கால் மணி நேரம் காக்க வைத்தார். இந்திரா பொறுமையாக உட்கார்ந்திருந்து, பேசிவிட்டு வந்தார். டிசம்பரில் வங்கதேசப் போர் வந்தது. நிக்சன் பண உதவியை நிறுத்தினார், ஏழாவது கடற்படையின் என்டர்பிரைஸ் கப்பலை வங்கக் கடலுக்கு அனுப்பினார். அந்த வருஷம் நம் தானிய இறக்குமதி இருபது லட்சம் டன் அளவுக்கு இறங்கியிருந்தது, கிடங்குகளில் இருப்பும் இருந்தது. கோதுமையை நிறுத்திவிடுவேன் என்று மிரட்ட அவருக்கு வழியில்லாமல் போயிற்று.